பத்து முதல் பதினொன்று, பதினொன்று முதல் பன்னிரண்டு

பிரவீன்,

முடியாது. போன சனிக்கிழமை நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் எங்காவது என் மனம் இளகிவிட்டதாக நினைத்துக்கொள்வாய். கல்யாணப் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு தேக்கா சந்தையில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். உனக்கு நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ, எனக்குச் சீனி குறைத்த காப்பி. நீ பத்திரிகையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. இப்போ போய் ஆபீஸ்ல சண்டை போடணுமா? சைன் பண்ணிடுங்க லா. யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க." யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் இதில் எழுதப் போகிறேன்.

இதை வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. கோபித்துக்கொள், பரவாயில்லை, ஆனால் கடைசிவரை படி. உன் மாமனார் வீட்டார் படித்துவிடுவார்களே என்று பயப்படுவாய். படிக்கட்டும். ஷாலினியின் அம்மா எப்படியும் இரண்டு தடவை படிப்பார், ஒரு தடவை விஷயத்துக்காக, இன்னொரு தடவை என் தமிழில் பிழை கண்டுபிடிப்பதற்காக.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் கல்யாணத்துக்கு வரப்போகும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். எங்கள் கம்பெனி முன்பதிவு மென்பொருள் செய்கிறது. கிளினிக், சிகிச்சை நிலையம், மண்டபம் என்று எங்கெல்லாம் மனிதர்கள் நேரம் குறித்துக்கொண்டு வருவார்களோ அங்கெல்லாம் எங்கள் சரக்கு ஓடும். அதற்கெல்லாம் அடியில் ஒரு லைப்ரரி இருக்கிறது, மற்றவர்கள் எழுதும் நிரல்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் பொதுச் சரக்கு. அதை எழுதியவள் நான். அதில் முக்கியமானவை இரண்டு: இன்டர்வல், செட். இன்டர்வல் என்றால் ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு துண்டு நேரம், பத்து மணி முதல் பதினொரு மணி வரை என்பது மாதிரி. செட் என்றால் அப்படிப்பட்ட பல துண்டுகளின் தொகுப்பு. இதில் என்ன இருக்கிறது, குழந்தைகூடச் செய்துவிடுமே என்று தோன்றும். பதினொரு மணி என்கிற அந்த நொடி முதல் துண்டைச் சேர்ந்ததா, அடுத்த துண்டைச் சேர்ந்ததா என்று யாரையாவது கேட்டுப் பார், அப்போது தெரியும்.

அந்தக் கேள்விக்கு நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை உன் அப்பாவிடமிருந்து வந்தது, அதாவது தன் வயரிங் வேலையைத் தவிர வேறெதைப் பற்றியும் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளாத உன் அப்பாவிடமிருந்து. நீ அப்போது பிரைமரி ஆறு, பன்னிரண்டு வயது. அவர் பழைய வேன் ஒன்றை வாங்கினார். எடுக்கப் போன நாள் சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். கடைக்காரச் சீனர் பத்து மணிக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். உன் அப்பா அதை வாங்கிக்கொண்டு வேனுக்குள் ஏறி, கையில் சாவியுடன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கடைக்காரர் இரண்டு தடவை ஓடிவந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நீ கேட்டாய், "பத்தரை ராகு காலத்துல சேருமாப்பா, சேராதா?" அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன்பதுன்னா ஒன்பதுக்கே வந்துடும். பத்தரைன்னா பத்தரைக்கே போயிடும். இதுல என்ன டவுட்டு?" என்றார். பத்தரை அடித்ததும் வண்டியைக் கிளப்பினார். எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் அதையே எழுதினேன். ஆரம்பம் சேரும், முடிவு சேராது.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது. பத்து முதல் பதினொன்று, பதினொன்று முதல் பன்னிரண்டு, இரண்டும் மோதாது. பத்து முதல் பத்து வரை என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் துண்டு, அதையும் மரியாதையாக ஒரு துண்டு என்றே ஏற்றுக்கொள்ளும். பதினொன்று முதல் பத்து வரை என்று யாராவது தலைகீழாகக் கொடுத்தால் ஏற்காது, பிழை என்று சொல்லி நின்றுவிடும். "தானா திருப்பிக்கிட்டா என்ன? ஏன் இவ்வளவு கறார்?" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். கொடுத்தவர் எதை நினைத்துக் கொடுத்தார் என்று நமக்குத் தெரியாதபோது, தெரிந்த மாதிரி நடிக்க மாட்டேன் என்றேன். அப்போது எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறைந்ததாக உன் அப்பா சொல்லவில்லை.

அவ்வளவு கறாராக இருந்தவள் செட் விஷயத்தில் கோட்டை விட்டேன். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு துண்டுகளைச் செட்டில் போட்டால் அது அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும்படி எழுதினேன். அறை பத்து முதல் பதினொன்று வரை உபயோகத்தில் இருக்கிறது, பதினொன்று முதல் பன்னிரண்டு வரையும் இருக்கிறது என்றால், பத்து முதல் பன்னிரண்டு வரை உபயோகத்தில் இருக்கிறது. இதில் ஒரு தப்பும் இல்லை. அறை எப்போது காலி என்பதுதான் கேள்வி என்றால் இதைவிட நல்ல விடை கிடையாது. ஆனால் யார் யாருக்கு நேரம் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலையும் அதே செட்டில் வைக்கலாம் என்று நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். சேர்ந்துபோன துண்டுக்கு முதல் துண்டின் பெயர் நிற்கும். இரண்டாவது பெயர் போகும். இது ரொம்ப நாள் வெளியே தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் மென்பொருளை வாங்கிய இடங்களில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் பத்து நிமிஷம் விடுவது வழக்கம். துண்டுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை.

ஒரு நாள் தொட்டன. முதியவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையம். முன்மேசையில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். மென்பொருளைக் கற்றுக்கொடுக்க நான் அங்கே போனபோதெல்லாம் எனக்கு மைலோ கலந்து கொடுப்பாள், "அக்கா, அக்கா" என்று சுற்றி வருவாள். பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த திரு. லிம் என்ற பெரியவர், அடுத்த வாரம் பதினொரு மணிக்கு வந்தால்தான் தனக்குப் பஸ் வசதி என்று அவளிடம் கேட்டிருக்கிறார். பத்து மணிக்கு வேறு ஒருவர் இருந்தார். செல்வி இரக்கப்பட்டு, நடுவில் விட வேண்டிய பத்து நிமிஷத்தை விடாமல், அவரைப் பதினொன்றில் போட்டாள். அந்த நாள் வந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். மேசையில் இருந்த வேறு ஆள் திரையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க பேர் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். லிம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தார். அங்கே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. நடக்கக் கற்றுக்கொள்ள வந்த மனிதர் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

விசாரணையில் செல்வியைக் கேட்டார்கள். "டைப் பண்ணேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாளாம். நினைக்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். மென்பொருளில் ஏதாவது கோளாறு உண்டா என்று எங்கள் கம்பெனிக்கும் கேட்டு எழுதினார்கள், அது என் மேசைக்கு வந்தது. பதிவேட்டைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செல்வி டைப் செய்திருந்தாள், பெயர், நேரம், அறை எல்லாம் சரியாக. என் செட் அவரை விழுங்கியிருந்தது. நான் திருப்பி எழுதிய பதில் ஒரே வரி: எங்கள் பக்கம் கோளாறு எதுவும் காணப்படவில்லை. பிறகு யாருக்கும் சொல்லாமல் செட்டை இரண்டாகப் பிரித்தேன். தொட்டதைச் சேர்ப்பது ஒன்று, எதையும் சேர்க்காமல் வந்தது வந்தபடி வைத்திருப்பது ஒன்று. மாற்றங்களின் பட்டியலில் "சிறு திருத்தம்" என்று எழுதினேன். ஒரு மாதத்தில் செல்வி வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் நீ. அந்த வருஷம் உனக்கு ஓ லெவல் பரீட்சை. என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம். அம்மாவுக்கு வேலை போனால் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், என் கை பட்டது தப்பாகிவிட்டது என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் தெரியாமல் கணக்குப் புத்தகத்தோடு போராடிக்கொண்டிருந்த உன்னை என் பொய்க்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பிரவீன். கேட்காமல் இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது.

போன மாதம் சிராங்கூன் ரோட்டில் கூறைப்புடவை எடுக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ரவிக்கைத் துணி அளந்து கொடுத்த பெண்தான் செல்வி. தலை நரைத்துவிட்டது, குரல் மாறவில்லை. என்னைப் பார்த்ததும் "அக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பில் போடும்போது ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பின்னால் வரிசை நீண்டது, நீகூட வாட்சைப் பார்த்தாய். அவள் சிரித்துக்கொண்டே, "சாரிக்கா, எனக்கு ரெண்டு தடவை பாக்கணும். முன்ன ஒரு தடவை நான் டைப் பண்ண மறந்து ஒரு அங்கிள் விழுந்துட்டாரு, தெரியும்ல?" என்றாள். நினைக்கிறேன் என்பதுகூட இப்போது இல்லை, மறந்துவிட்டேன் என்றே ஆகியிருந்தது. வெளியே வந்ததும் நீ கேட்டாய், "என்னம்மா, டயர்டா?" ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான்.

அதற்கு அடுத்த வாரம்தான் என் மேலாளர் ஜேசன் அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். லைப்ரரியின் புதுப் பதிப்பில் இரண்டு செட் வேண்டாமாம், ஒன்று போதுமாம், தொட்டதைச் சேர்க்கும் பழைய வகை. இரண்டு இருந்தால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் குழம்புகிறார்களாம், பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குத் திரையில் பட்டியல் நீளமாகத் தெரிவது பிடிக்கவில்லையாம். "பரிசோதித்துப் பார்த்தேன், யாருக்கும் ஆபத்தில்லை" என்று, இதை எழுதியவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஜேசன் கெட்டவர் இல்லை, உன் வயதுதான், என் பிறந்தநாளுக்கு ஆபீசில் கேக் வாங்கி வைப்பவர். இது ஒருவரின் பெயரை விழுங்கும் என்று நான் சொன்னேன். "நடுவுலதான் பத்து நிமிஷம் விடுறாங்களே?" என்றார். விடாதவர் ஒருவர் எப்போதும் இருப்பார், மேசைக்கு எதிரில் நிற்கிறவர் மேல் இரக்கப்பட்டு விடாதவர், அவரைத்தான் இது அடிக்கும் என்றேன். அடுத்த திங்களுக்குள் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் என் பொறுப்பை மறுசீரமைப்பார்கள் என்றார். மறுசீரமைப்பு என்றால் என்ன என்று ஐம்பத்தேழு வயதுக்காரிக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை உன்னிடம் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேக்கா பக்கம் கால் வைக்க இடமில்லாத கூட்டம், தனியாகச் செல்வியின் கடைக்குப் போனேன். துணிக் கட்டுகளுக்குப் பின்னால் அவளை நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அப்போ நான் டைப் பண்ணியிருந்தேனா?" என்று மட்டும் கேட்டாள். பண்ணியிருந்தே, எல்லாமே சரியா இருந்துச்சு என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "பன்னெண்டு வருஷம்கா. என் பிள்ளைக்கு மருந்து குடுக்கக்கூட என்னை நம்பாம என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். தெரியுமா உங்களுக்கு?" என்றாள். கடை முதலாளி எட்டிப் பார்த்தார். செல்வி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள், "வாயால சொன்னா பத்தாது. எழுதிக் குடுங்க. என் பேரு போட்டு எழுதிக் குடுங்க. எல்லாரும் படிக்கணும். இப்போ போங்கக்கா, கஸ்டமர் நிக்குறாங்க." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம் எல்லோர் கண்ணிலும் படும்படி வருகிறது. உன் பெயருக்கு எழுதுகிறேன், ஏனென்றால் உன் பெயரைச் சொல்லித்தான் மறைத்தேன். செல்வி, நீ சரியாகத்தான் டைப் செய்தாய். தப்பு என்னுடையது, தெரிந்தே மறைத்தவளும் நான்தான். அந்த நிலையத்துக்கும் திரு. லிம்மின் குடும்பத்துக்கும் பதிவேட்டில் பார்த்ததைத் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். கல்யாணம் முடியட்டுமே, மூன்று வாரம் பொறுக்கக் கூடாதா என்பாய். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவள் இருக்கிறாள், உன் கல்யாணப் புடவைக்கு ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டு. அவளிடம் போய் இன்னும் மூன்று வாரம் கேட்க எனக்கு முகம் இல்லை.

வேலை போனால் பொங்கோலில் உங்கள் புது வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறை தயார் என்று சொன்னாய். நல்ல பிள்ளை நீ, ஆனால் வரமாட்டேன். புக்கிட் மேராவில் என் வீடு இருக்கிறது, மின்தூக்கி மூன்று தளத்துக்கு ஒரு தடவைதான் நிற்கும், இருந்தாலும் என் வீடு. உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவோம், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவோம். ஷாலினி கூட்டில் உப்புக் குறைவாகப் போட்டால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன், அதற்கு மட்டும் இப்போதே வாக்குக் கொடுக்கிறேன். நாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். ஒன்றாகச் சேர்த்து ஒரு பெயர் போட வேண்டாம், அப்படிச் செய்தால் எந்தப் பெயர் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு முதல் பத்திரிகை குடுத்தியா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. நாளைக்கு அவரே வேனில் கூட்டிப் போகிறார். வாங்கிக்கொள்வாளோ, முகத்தில் விட்டெறிவாளோ, தெரியாது. எதுவானாலும் வாங்கிக்கொண்டு வருவேன்.

பதிவுத் திருமணத்தன்று உன் பக்கத்துச் சாட்சியாக நான்தான் நிற்க வேண்டும் என்று நீ கேட்டபோது, அடுப்படிக்குப் போய் அழுதேன். சந்தோஷம் என்று நீ நினைத்தாய். பாதி அதுதான். மீதிப் பாதி, சாட்சி சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற பயம். கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வதற்குத்தானே சாட்சி? நான் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவள். திங்கட்கிழமை ஜேசனின் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்றால் அதையே இரண்டாவது தடவை செய்தவள் ஆவேன். அந்தக் கையோடு வந்து உன் கல்யாணத்துக்குச் சாட்சி நிற்க மாட்டேன், பிரவீன். அவர்கள் என்னை அனுப்பட்டும், லைப்ரரியை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும், அதைத் தடுக்க என்னால் முடியாது. ஆபத்தில்லை என்று சொல்ல என் பெயர் கிடைக்காது, அவ்வளவுதான். இந்த வாரம் நான் கையெழுத்துப் போடும் தாள் இந்தக் கடிதம் ஒன்றுதான்.

அம்மா